பதினேழாவது நட்சத்திரம்

"திருடியை எதுக்கு சார் உட்கார வெச்சுப் பேசிட்டு இருக்கீங்க?"

சீனியர் இரண்டு பட்டியல்களையும் வானியல் ஆய்வுக்கூடத் தலைவரின் மேஜைமேல் ஓங்கிப் போட்டார். அவர் பட்டியலில் அறுபத்தோரு நட்சத்திரங்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஜூனியர் பெண்ணின் பட்டியலிலும் அதே அறுபத்தொன்று. வரிசைகூட மாறவில்லை.

லேசுப்பட்ட நட்சத்திரங்கள் அல்ல. நம் பால்வீதி எப்போதோ பிய்த்து விழுங்கிய ஒரு குட்டி நட்சத்திரக் கூட்டத்தின் மிச்சம். கோடிக்கணக்கான நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஓடை மாதிரி நகர்கிறவை. கண்டுபிடித்தவருக்கு வேலை நிரந்தரம். மற்றவர் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நாலு மாசமாத் தேடினது, அண்ணா..." என்றாள் அவள். இவ்வளவுக்குப் பிறகும் அண்ணாதான், பழக்கதோஷம்.

"அண்ணாவாம் அண்ணா! போன வாரம் உன் கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னு அழுதியே, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுத்தவன் நான். அந்த நன்றிகூட இல்லையே உனக்கு!"

தலைவர் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தொலைநோக்கி வானம் முழுக்க அளந்து அனுப்பிய தரவை ஆளுக்கொரு பிரதியாகக் கொடுப்பவர் அவர்தான். கொடுக்கும்போதே சில போலி நட்சத்திரங்களையும் நடுவில் கலந்துவிடுவார். தேடுகிறவர் ஏமாறுகிறாரா என்று பார்க்க அப்படியொரு குசும்பு.

இப்போது சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் பட்டியலில் பதினேழாவது நட்சத்திரத்தை வட்டமிட்டார். "இது நான் கலந்த போலி. ஏமாந்துட்டீங்க."

அவள் முகம் வெளிறிப்போனது. சீனியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"என் பட்டியலையும் பாருங்க சார், அதே பதினேழு! நான் ஏமாந்ததைக்கூட விடாம அள்ளிட்டு வந்திருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அப்போ அறுபத்தொண்ணும் உங்க பிரதியிலிருந்து நீங்களே எடுத்ததுதான்?"

"ஒண்ணு பாக்கியில்லாம, சார்! எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பதினேழாவதை நான் இந்தப் பொண்ணோட பிரதியில மட்டும்தான் கலந்தேன்."