ரவூப் கடை வாசலில் ஒரு பாலம்

"ஏன் பாய், பாலம் வந்தா உங்க கடை போர்டு மறைஞ்சிடுமோ?"

ஜோசபின் இப்படிக் கேட்டதும் சமூக நிலையத்தில் கூடியிருந்த கூட்டமே கொல்லென்று சிரித்தது.

ரவூப் பாய்க்கு முகம் சுண்டிப் போய்விட்டது. ஜாலான் புசார் பக்கம் மிளகாய், மல்லி அரைத்துக் கொடுக்கும் மில் வைத்திருப்பவர். ரோட்டைக் கடப்பதற்கான நடைமேம்பாலம் வந்தால் அதன் படிக்கட்டு சரியாக அவர் கடை வாசலில்தான் இறங்கும்.

"அதுக்கில்ல தங்கச்சி. பாலம் வேணாம், கீழயே சிவப்பு விளக்கு வைக்கட்டும்னுதான் சொல்றேன். பட்டனை அமுக்கினா வண்டி நிக்கணும்."

"லாரிக்காரன் விளக்கைப் பாத்து நிப்பானாக்கும்! போன மாசம் எதிர்வீட்டுப் புள்ளைய அடிச்சுட்டுப் போனானே, அவன் எதைப் பாத்து நின்னான்?"

பாய் கடைசி வரிசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

ஜோசபின் பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் விற்பவள். அவள் கையால் சாப்பிடுகிற பிள்ளைகள்தான் தினமும் அந்த ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அடிபட்ட பிள்ளையை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். பாலம் வராமல் விடுவதில்லை! கடை கடையாக ஏறி இறங்கினாள், ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்றாள். கடைசியில் சாலைப் போக்குவரத்து அதிகாரியையே கூட்டத்துக்கு வரவழைத்துவிட்டாள். ஜோசபினா கொக்கா!

"விளக்கு வைக்கலாம், இல்லேன்னா பாலம் கட்டலாம். ரெண்டுல ஒண்ணுதான்" என்றார் அதிகாரி. "அடுத்த வாரம் மேலிடத்துக்குச் சொல்லணும். பாலம் வேணுங்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் உயர்ந்த கை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெர்னார்டுடையது. ஜோசபினின் வீட்டுக்காரர். ரவூப் பாய் அவரையே முறைத்துப் பார்த்தார். பெர்னார்ட் தலையைக் குனிந்துகொண்டார். தூக்கிய கையை மட்டும் இறக்கவில்லை.

அப்புறம் என்ன, பாயைத் தவிர ஒருவர் பாக்கியில்லாமல் கை தூக்கினார்கள்.

மறுநாள் காலை ஜோசபின் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டாள். அரைக்கக் கொடுத்த மிளகாயை வாங்கிக்கொண்டு, "இனிமே உங்க கடைப் பக்கமே வரமாட்டேன் பாய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வர வேண்டும். ராத்திரியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

மில்லில் மிஷின் ஓடவில்லை. ஆளும் இல்லை.

"கடையைப் போட்டுட்டு எங்க போனாரு இந்த மனுஷன்?"

ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார் ரவூப் பாய். ஒரு கையால் லாரியை மறித்து, இன்னொரு கையால் ஒரு ஆளைத் தோளோடு அணைத்து நடத்திக்கொண்டு போகிறார். லாரிக்காரன் ஹாரனை அடித்துத் தொலைக்கிறான். அந்த ஆள் வலது காலை மடக்க முடியாமல் இழுத்து இழுத்து நடக்கிறார்.

பெர்னார்ட்!

எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பில் அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் பாய் திரும்பினார். கடை வாசலில் ஜோசபினைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தார்.

"என்ன பாய் இது?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. சும்மா ஒரு உதவி..."

"மறைக்காதீங்க பாய். என் புருஷன் காலுக்கு என்ன?"

பாய் பெருமூச்சு விட்டார்.

"அவரு வேலை பாக்குற தஞ்சோங் பகார் ஸ்டோர்ல பெட்டி விழுந்துச்சுல்ல, அந்த முட்டிதான். மடங்கவே மாட்டேங்குது. உங்க வீடு கீழ்த்தளம், நீங்களும் விடிகாலையிலேயே கேன்டீனுக்குப் போயிடுறீங்க, வீட்டுக்குள்ள அவரு நொண்டாம சமாளிச்சுடுறாரு, அதான் உங்களுக்குத் தெரியல. இங்கே ஒரு படி ஏறச் சொல்லிப் பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடும். தினமும் நான்தான் ரோட்டைக் கடத்தி பஸ் ஸ்டாப்புல விடுறேன்."

"ஆறிடுச்சுன்னாரே! எங்கிட்ட ஆறிடுச்சுன்னாரே பாய்!"

"பாலம் வந்துட்டா பக்கத்துல எங்கயும் ரோட்டைக் கடக்கக் கூடாது தங்கச்சி, ஃபைன் போட்டுருவான். மேல ஏறவும் முடியாது, கீழ நடக்கவும் முடியாது. அவரு எப்படி வேலைக்குப் போவாரு?"

ஜோசபின் அப்படியே மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அதுவும் கொஞ்ச நேரம்தான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடை போனை எடுத்து நம்பரைச் சுழற்றினாள்.

"சார், ஜோசபின் பேசுறேன். ஆமா சார், அதே பாலத்து ஜோசபின்தான். நேத்து நான் பேசினது தப்பு சார். புள்ளைங்களும் கடக்கணும், படி ஏற முடியாதவங்களும் கடக்கணும். எங்களுக்கு விளக்குதான் வேணும். மறுபடியும் கூட்டம் போடுங்க... சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் சார். கை தூக்கின ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே போய்ப் பேசுறேன். நீங்க தேதியை மட்டும் சொல்லுங்க!"

போனை வைத்துவிட்டு ரவூப் பாய் பக்கம் திரும்பினாள்.

"அத்தனை பேர் முன்னாடி உங்களை அவ்வளவு கேவலமாப் பேசினேனே பாய்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாயடைச்சு நின்னீங்களே!"

"எப்படிம்மா சொல்லுவேன்? கூட்டத்துக்கு வர்றதுக்கு முந்தியே உங்க வீட்டுக்காரரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கால் விஷயத்தைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரே. 'பாலம் வந்தா நான் வேலையை விட்டுடுறேன் பாய், ஆனா எம்பொண்டாட்டி இந்தக் கூட்டத்துல தோத்துடக் கூடாது'ன்னாரு."