பாதி விலை நாற்காலி

கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தாளின் வழியே வெயில் மருத்துவக் கருவிக் கடையின் தரையில் சிவப்பாக விழுகிறது. ‘சக்கர நாற்காலிகள் பாதி விலை’ என்கிறது தாள். அதை நம்பி வந்த அம்மா புது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை அவள் விரலுக்கடியில் சரசரக்கிறது. காசாளர்ப் பெண் நீட்டிய பில்லிலோ முழு விலை. மகளின் காது மடல்கள் சிவந்துவிட்டன. “அது போன மாச ஆஃபர், அக்கா. எடுக்க மறந்துட்டோம்,” என்கிறார் விற்பனையாளர், கொட்டாவியை மென்றபடி. “காலையில போன்ல கேட்டேனே, இருக்கு வாங்கன்னீங்களே? ரெண்டு பேரைக் கெஞ்சி, அம்மாவத் தூக்கி ஆட்டோல ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஒட்டின விலைக்குத்தான் நீங்க குடுக்கணும்.” வெளியே கடை ஆள் ஒருவர் அவசரமாகத் தாளைச் சுரண்டத் தொடங்குகிறார், நகம் கண்ணாடியில் கிறீச்சிடுகிறது, தரையிலிருந்த சிவப்பு துண்டு துண்டாகக் குறைகிறது. மகள் அதைக் கைபேசியில் படம் பிடிக்கிறாள். “சுரண்டுங்க, நல்லா சுரண்டுங்க. புகார் குடுக்கறப்போ இதையும் காட்டறேன்.” விற்பனையாளரின் முகம் கடுகடுக்கிறது. நாற்காலியின் பின்பிடியைப் பற்றுகிறார். “வாங்கலன்னா விடுங்க. அம்மா, எந்திரிங்க.” அம்மா குனிந்து இரண்டு சக்கரங்களின் பிரேக்கையும் அழுத்துகிறாள். “எந்திரிக்க முடிஞ்சா நான் எதுக்குய்யா உன் கடைக்கு வர்றேன்?” பில் போட வரிசையில் நிற்கும் ஒருவர், வாங்க எடுத்த பொருளை மேசைமேல் டொக்கென்று திருப்பி வைக்கிறார். காசாளர்ப் பெண் யாரையும் கேட்காமல் பில்லைக் கிழித்துவிட்டு, பாதி விலைக்கு வேறொன்று அடிக்கிறாள்.