வடம் பிடிக்க ஆள்

கடைசி போல்ட் இறுகியது.

ஜீப்பின் அடியில் மல்லாந்து கிடந்தபடியே அவர் அதை இன்னொரு முறை முறுக்கினார். இறுகியதைத்தான். வேறு வேலை மிச்சமில்லை.

வெளியே வந்து, முதுகு மண்ணைத் தட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார்.

வின்ச். பட்டாளம் கழித்துப் போட்டது. பச்சை உரிந்த இடத்தில் அடியில் இன்னொரு பச்சை. வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால், மரத்தில் கொக்கியைப் போட்டுக் கம்பி வடத்தைச் சுற்றித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளலாம். மாறுவேடப் போட்டிக்கு ஒட்டுமீசை வைத்த பிள்ளைபோல ஜீப் விறைப்பாக நின்றது.

"இனி யாரும் வந்து இழுக்க வேண்டாம்."

சத்தமாகவே சொன்னார். தோட்டத்தில் கேட்க ஆளில்லை. பேரனுக்கு நடை வரும்வரை என்று மனைவி புனே போனார். பேரன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான்.

யாரும் என்றால், சென்னியப்பன்.

மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற கூட்டத்தில் கூடவே வந்த சிநேகிதர். ஆனைமலை அடிவாரத்தில் இந்த ஜீப் மாட்டாத ஓடை கிடையாது. மாட்டிய ஒவ்வொரு முறையும் கயிற்றைக் கட்டி இழுத்தது சென்னியப்பன்தான். போன மழையில் இழுத்துவிட்ட கையோடு, டீக்கடையில், எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இவன இழுத்து இழுத்தே என்ற வண்டி ஒரு முழம் நீண்டு போச்சுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்றது. சென்னியப்பன் கூப்பிட்டால் போனை எடுப்பதை நிறுத்தினார்.

கொஞ்ச நாளில் போன் அடிப்பதும் நின்றது.

இவ்வளவு சீக்கிரமாகவா நிறுத்துவது என்று ஒரு கோபம் வந்தது. முதல் கோபத்தைவிட அது பெரிது. அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் வின்ச்.

இனி வடத்தை வின்ச்சின் உருளையில் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் சிக்கிக்கொள்ளும், பாரத்தோடு சுற்றவேண்டும். மேட்டிலிருந்த புங்கமரத்தில் கொக்கியை மாட்டினார். வண்டியைச் சரிவின் அடியில் நிறுத்தினார். ஏறி உட்கார்ந்து, லீவரைப் போட்டு, கிளச்சை விட்டார்.

உருளை சுற்றியது. வண்டி மெல்ல மேட்டில் ஏறியது.

உள்ளிருந்து அவருக்குத் தெரிந்தது பானெட் மட்டும்; உருளை அதற்குக் கீழே மறைந்திருந்தது.

இறங்கிப் பார்த்தார். வடம் ஒரே ஓரமாகக் குவிந்து, இடியாப்பம் பிழிந்திருந்தது.

அவிழ்த்தார். மறுபடி.

ஒரு சாண் சுற்றுவது, பிரேக் போடுவது, சக்கரத்துக்குக் கல் வைப்பது, முன்னால் ஓடுவது, வடத்தைத் திருத்துவது, ஓடி வந்து ஏறுவது. கிளச்சுக்குச் செங்கல்லை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். செங்கல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுகிற மாடாக இருந்தால் அதையாவது கூப்பிட்டிருப்பார்.

அப்போதுதான் உறைத்தது.

லீவர் உள்ளே. உருளை வெளியே. உள்ளே ஒருவன் இருந்தால் வெளியே இன்னொருவன் இருப்பான் என்பதில் இதைச் செய்தவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. பட்டாளத்துச் சாமான். அங்கே ஒற்றையாள் ஏது?

யாரும் வேண்டாம் என்று வாங்கியதற்கு ஆள் வேண்டும்.

ஜீப்பின் படியில் உட்கார்ந்து சிரித்தார். பாதிச் சிரிப்பில் தன் சத்தம் தனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டார்.

கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். கைபேசியில் அந்தப் பெயர் வெகு கீழே போயிருந்தது.

"என்றா?"

நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தது போல இருந்தது சென்னியப்பனின் குரல்.

"வின்ச் மாட்டியிருக்கேன்."

கேலி வரும் என்று காத்திருந்தார். திருப்பிக் கொடுக்க ஒன்றைத் தயாராகவே வைத்திருந்தார்.

"வடத்த ஆரு புடிக்கறாங்க?"

"ஆருமில்ல."

போன் வைக்கப்பட்டது.

அவர் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.

சென்னியப்பன் ஜீப்பின் சத்தம் தார்ரோட்டில் திரும்பும்போதே தெரிந்துவிடும். தெரிந்தது. எழுந்து நின்று சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

சென்னியப்பன் இறங்கினார். கொஞ்சம் இளைத்திருந்தார். வின்ச்சைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு போல்ட்டை விரலால் சுண்டினார். தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டு உருளைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

விரித்த கை: சுற்று. மூடிய கை: நிறுத்து.

அவ்வளவுதான் பேச்சு.

கை விரிந்தது. மூடியது. விரிந்தது. வண்டி சாண் சாணாக மேடேறியது. அவர் கண்ணாடி வழியே அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது சொன்னதையெல்லாம் செய்தார். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்ததில்லை.

மரம் வந்துவிட்டது.

வடம் வரிசை பிசகாமல், புது நூற்கண்டு போல உட்கார்ந்திருந்தது. சென்னியப்பன் ஒரு கையுறையைக் கழற்றினார். தன் ஜீப் நின்ற பக்கம் திரும்பினார்.

உள்ளே அவர் லீவரைத் தளர்த்தினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி மெதுவாகப் பின்னால் சரிந்தது. சுற்றியதெல்லாம் சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து, மரத்திலிருந்து மேட்டின் அடிவரை நீண்டது.

வெளியே தலையை நீட்டினார்.

"சரியா உக்காரலடா."

சென்னியப்பன் வடத்தைப் பார்த்தார். பிறகு அவரை.

கழற்றிய கையுறையை மாட்டிக்கொண்டே சரிவில் இறங்கி வந்தார்.