கீழ்வீட்டிலிருந்து மூன்று தட்டு

டொக்... டொக்... டொக்.

தரைக்கு அடியிலிருந்து மூன்று தட்டு. கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரியவளும் சின்னவனும் அப்படியே நின்றார்கள். பெரியவளுக்கு ஒரு கால் அந்தரத்தில்.

"உஷ்! டொக்டொக் தாத்தா!" என்றான் சின்னவன், வாயைப் பொத்திக்கொண்டு.

அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஓடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உக்காந்து படம் வரைங்க."

"வரைஞ்சு வரைஞ்சு பேப்பரே தீந்துபோச்சும்மா" என்றாள் பெரியவள்.

உண்மைதான். வெளியே போகலாமென்றால் குளிர் எலும்பு வரை இறங்குகிறது. சாயங்காலம் ஆவதற்குள் இருட்டிவிடுகிறது. குல்லா, கையுறை, கோட்டு எல்லாம் மாட்டி முடிக்கிற நேரம் பார்த்துச் சின்னவனுக்கு ஒண்ணுக்கு வந்துவிடும். ஆறு வயதையும் நாலு வயதையும் வீட்டுக்குள் அடைத்துவைத்து ஒரு குளிர்காலத்தைத் தள்ளுவது என்ன லேசுப்பட்ட காரியமா?

வீடு அமைதியானதும் கீழேயிருந்து இன்னும் ஒரே ஒரு தட்டு. டொக்.

அதுதான் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று தட்டாவது போகட்டும், சத்தத்துக்கு. அடங்கின பிறகும் எதற்கு ஒன்று? 'ம்... அந்தப் பயம் இருக்கட்டும்' என்கிற மாதிரி!

குளிர் ஆரம்பித்தபோது கீழ்வீட்டுக்கு யாரோ தமிழ்க்காரர்கள் குடிவந்திருந்தார்கள். எல்லாக் கதவும் சாத்தியே கிடக்கிற பருவம். முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. தட்டுகிற தோரணையை வைத்து, கைத்தடியும் கடுகடுத்த முகமுமாக ஒரு கிழவரை அவளாகவே உருவாக்கி வைத்திருந்தாள்.

மறுநாள், ஷிப்டுக்குக் கிளம்பிய கணவனிடம் புலம்பினாள்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன். போன வீட்டையே இந்தப் பசங்க சத்தத்தாலதான் காலி பண்ணச் சொன்னாங்க. மறுபடியும் மூட்டை தூக்க என்னால ஆகாது."

"அனுசரிச்சு அனுசரிச்சுப் புள்ளைங்க பூனை மாதிரி நடக்குதுங்க. சின்னவன் தூக்கத்துலகூட 'உஷ்'ங்கறான். தெரியுமா உங்களுக்கு?"

அவன் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் கூடத்திலிருந்து ஒரே கூச்சல்.

"அம்மா! எனக்கு ஒத்தைக் கால்ல குதிக்க வந்துடுச்சு! பாரும்மா, பாரு!"

அவள் ஓடிவந்தாள். சின்னவன் ஒற்றைக் காலில் குதித்தான். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

டொக்... டொக்... டொக்.

தடுமாறிப் பொத்தென்று உட்கார்ந்தான். முகம் சுருங்கிப்போனது. தரையைப் பார்த்து, "ஸாரி தாத்தா" என்றான்.

அவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ!

"எதுக்குடா ஸாரி? நீ என்ன தப்புப் பண்ணினே? எழுந்திரு. குதி!"

"தாத்தா தட்டுவாரே?"

"தட்டட்டும். அவருக்கு அது கூரைன்னா நமக்கு இது தரை. குதிங்கடா!"

ஸ்வெட்டர் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளும் குதித்தாள். கீழேயிருந்து மூன்று தட்டு. இவர்கள் இன்னும் பலமாகக் குதித்தார்கள். மறுபடி மூன்று. மறுபடி குதி. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தக் குளிர்காலத்தில் அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

தட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது.

"வந்துட்டாரு" என்றாள் பெரியவள் மெல்ல.

இந்த வீடும் போச்சா? போனால் போகட்டும். அம்மா போய்க் கதவைத் திறந்தாள்.

கிழவர் இல்லை. முப்பது வயது ஆள். கலைந்த தலை, ஸ்வெட்டரில் கஞ்சிக் கறை, கையில் நீளமாக ஒட்டடைக் கம்பு.

"கம்போடதான் வருவீங்களா? இங்க பாருங்க சார், குழந்தைங்கன்னா ஓடத்தான் செய்யும். குதிக்கத்தான் செய்யும். நாளைக்கும் குதிப்போம். யார்கிட்ட வேணா சொல்லிக்குங்க!"

அவன் பதறிக் கம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "ஐயோ, இது பையன்கிட்டேருந்து பிடுங்கினதுங்க. அப்படியே வந்துட்டேன். அஞ்சு வயசு. இங்க வந்த வாரமே பனியில வழுக்கி விழுந்து, கால்ல மாவுக்கட்டு. படுத்தே கிடக்கறான். தட்டறது அவன்தான்."

"குழந்தையா? குழந்தைக்குமா சத்தம் ஆகலை?"

"சத்தம் இல்லேன்னாதாங்க அவனுக்குச் சாப்பாடே இறங்காது. மூணு தட்டினா நீங்கல்லாம் சிலையா நிக்கணும். ஒண்ணு தட்டினா மறுபடி ஓடலாம். அவனா வச்ச ஆட்டம். நீங்களும் டக்குடக்குன்னு நின்னுடறீங்களா, உங்களுக்கும் பிடிச்சிருக்குன்னு நானும் இருந்துட்டேன். 'மேல் வீட்டுக்காரங்க தப்பாட்டமே ஆட மாட்டாங்கப்பா'ன்னு அவ்ளோ பெருமை அவனுக்கு." கொஞ்சம் தயங்கினான். "இன்னிக்கு மூணு தட்டினப்புறமும் யாரோ அழுகுணி ஆட்டம் ஆடினாங்களாம். ஒரே அழுகை. யாருன்னு கேட்டுட்டு வான்னு என்னை விரட்டிட்டான்."

பிள்ளைகள் இரண்டும் திரும்பி அம்மாவைப் பார்த்தன.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சார், நானே வந்து அவன்கிட்ட சொல்லிடறேன். நான்தான் அவுட்."