எட்டு வயதுக்கான நியாயம்

ஜெயசீலியைப் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். மகள் அபிஷாவுக்கு எட்டு வயது. நல்லது கெட்டதை எந்த வயதுக்காரர் போல யோசிக்கிறாள் என்று அளக்க, ஆசிரியர்கள் உட்பட எல்லோருக்கும் பள்ளி கட்டிவிட்ட கைப்பட்டையோ அவளுக்குப் பதின்மூன்று என்று காட்டியது.

“சாப்பாட்டைப் பங்கு போடக்கூடாதுன்னு விதி. தெரிஞ்சே பக்கத்துப் பிள்ளைக்குப் பாதிச் சோறு கொடுத்திருக்கா. கேட்டா, விதியே தப்புங்கிறா. இந்த வயசுல அடிக்குப் பயந்தா போதும். மாத்திரை கொடுத்து எட்டுக்கு இறக்கிடலாம். கையெழுத்துப் போடுங்க,” என்றார் தலைமையாசிரியை.

ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பசிச்ச பிள்ளைக்குச் சோறு கொடுத்ததுக்கா மாத்திரை? உங்க பட்டையில எவ்வளவு காட்டுது, டீச்சர்?”

தலைமையாசிரியை சேலைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டார். அதற்குள் பக்கத்தில் நின்ற அபிஷா பார்த்துவிட்டாள்.

“ஏழும்மா,” என்றாள் மெதுவாக. “பாவம், அவங்களைத் திட்டாத.”