தலையணைப் பஞ்சு

அம்மா கொடுத்தனுப்பிய தலையணை வெற்று உறையாகக் கிடந்ததைப் பார்த்ததும் ஷோபனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஞ்சு எங்கங்க?"

"பெட்டிக்குள்ள. கத்தாத," என்றான் அவள் கணவன் புருஷோத்தமன்.

அவன் செய்யும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு நீளமான பாதை மடங்கி மடங்கி ஓடும். ஸ்பீக்கருக்குப் பின்னால் அகலமாகத் தொடங்கி, போகப்போகக் குறுகி, கீழே ஒரு சின்ன வாயில் முடியும். அதில் பஞ்சு அடைத்தால்தான் ஓசை சுத்தமாக வரும் என்பான்.

"மூணு வருசமா நான் தலை வச்ச தலகாணிதான் கெடச்சுதா?"

"பழைய இலவம்பஞ்சு வச்சாத்தான் நல்லா கேக்கும். இதுக்குப் போய் இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்?"

பெட்டியை மூடிக் கடைசித் திருகை முடுக்கினான். பெட்டியின் வாயிலிருந்து ஒரு பெண் விசும்பும் சத்தம் வந்தது. ஒயரைத் தூக்கிப் பார்த்தான். அது எதிலும் மாட்டியிருக்கவில்லை. நிமிர்ந்து ஷோபனாவைப் பார்த்தான். அவள் கண்கள் காய்ந்திருந்தன.

"இது... உன் குரலாச்சே?"

"மூணு வருசமா பக்கத்துலதானே படுத்திருந்தீங்க? இப்பத்தான் காதுல வுழுதா?"

உறையைப் பையில் திணித்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போகச் செங்கம் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவன் பதறிப்போய்த் திருகுகளைக் கழற்றத் தொடங்கினான். ஒவ்வொரு திருகாகக் கழலக் கழல, அவள் முதுகுக்குப் பின்னால் அந்த அழுகை பெரிதாகிக்கொண்டே வந்தது.