நிரந்தரமாக அழிக்கவா?

நினைவுப் பதிவகத்தில் நீக்கிய நினைவு உடனே அழிவதில்லை, மறைந்துதான் இருக்கும். ஒரு மாதம் கழித்து உரியவருக்குக் கடிதம் போகும்; அவர் வந்து கையெழுத்திட்டால்தான் அழிப்பார்கள்.

கையெழுத்திட வந்த தச்சர் அருளப்பன், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டுத் தயங்கினார். "அதுல என்னம்மா இருக்கு?"

"சொல்லக் கூடாது சார்," என்றார் எழுத்தர் மெஹருன்னிஸா. "வேணும்னா மீட்டுப் பாருங்க."

"பார்த்தா தாங்குவேனா?"

மெஹருன்னிஸா திரையைப் பார்த்தார். "பதினோரு தடவை மீட்டிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் அழுதுட்டு, திரும்ப மறைக்கச் சொல்லிட்டுப் போயிருக்கீங்க. இங்க வந்த ஞாபகமும் அதோட சேர்ந்தே மறைஞ்சிடும்."

"ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போடலையா?"

"இல்ல சார்."

அருளப்பன் பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

"அப்ப எனக்கு வேண்டிய யாரோ உள்ள இருக்காங்க. மீட்டுக் குடும்மா."